நாற்பத்திரண்டாவது

வாரத்தில் ஐந்து நாள் நான் பல் செய்கிறேன்,
ஹாலிஃபாக்ஸில், ஜன்னலில்லாத ஓர் அறையில்.
சனிக்கிழமை ரயில் எஞ்சின் செய்கிறேன்.
இரண்டுக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி.

இந்த வகையில் நாற்பத்தொன்று ஓடின.
நாற்பத்தொன்றையும் வெட்டி எடைக்குப் போட்டார்கள்,
நான் பிறப்பதற்கு முன்பே.
அதனால் எனக்கு இதில் நினைவு என்று ஒன்றும் கிடையாது.
யாராவது கேட்டால் சொல்வேன்:
நாற்பத்திரண்டாவதைச் செய்கிறோம்,
ஆர்டர் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

மிஞ்சியவை வரைபடங்கள்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம், கஞ்சி போட்ட துணியில் மை.
ஒன்றில் தேநீர்க் கோப்பையின் வட்டக்கறை;
அதையும் ஏதோ வளையமென்று நினைத்து
யாட்செக் அரைமணி நேரம் அளவு தேடினான்.

பணம் வருவது போல்ட் போல்ட்டாக.
ஒன்று இருபத்தைந்து பவுண்டு, கொடுத்தவர் பெயர் பேரேட்டில்.
கீத்லியில் ஒருத்தி, விவாகரத்தான வாரம்,
கணவன் பேரில் வாங்கியதைத்
தன் பேருக்கு மாற்றச் சொல்லி எழுதினாள்.
மாற்றினோம்.
போல்ட் முறுக்கிய இடத்திலேயே இருக்கிறது.

மார்ச்சில் முதல் அச்சுப்பெட்டி வந்தது.
வரைந்த அளவுக்கு மயிரிழை பிசகில்லை.
சட்டகத்தில் இறக்கினோம்.
இறங்கவில்லை.

தெர்சா அளந்தாள்.
வடகடலில், தண்ணீருக்கடியில் குழாய்களைப் பற்றவைத்தவள்;
அளவு விஷயத்தில் அவளிடம் யாரும் வாய்கொடுப்பதில்லை.
சட்டகம் சரி. பெட்டி சரி.
சேர்த்தால் மட்டும்
அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு பகை.

மூன்று சனிக்கிழமை குற்றவாளியைத் தேடினோம்.
வார்ப்பாலையைத் திட்டினோம், குளிரைத் திட்டினோம்,
பிக்கர்ஸ்கில் கணினியைக்கூட விடவில்லை.
நான்காவது சனிக்கிழமை
சாண்ட்விச்சைப் பாதி மென்றபடி தெர்சா சொன்னாள்:
"நாற்பத்தொன்றுமே இறங்கியிருக்காது."

கொட்டகையில் கொஞ்ச நேரம்
தகரக் கூரையின் மழை மட்டும் பேசியது.

அந்தத் தாள் ஆரம்பம் முதலே பொய் சொல்லியிருக்கிறது.
கீழே பட்டறையில் எவனோ
ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்து, அரத்தை எடுத்து,
ராவி, இறக்கி, கைகழுவி,
மாடியில் வரைகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
வீட்டுக்குப் போயிருக்கிறான்.
எஞ்சினுக்கு ஆறு பெட்டி. எஞ்சின் நாற்பத்தொன்று.
பெருக்கிப் பாருங்கள்.
அவன் அரத்துக்கு வரைபட எண் கிடையாது.
அசலின்படியே கட்டுவது என்றால்
இனி அவன்படியும் கட்ட வேண்டும்.

அங்கேதான் என் பிழைப்பு கைகொடுத்தது.
புதுப் பல் உயர்ந்து நின்றால்
பிளாஸ்டர் தாடைகளுக்கிடையே நீலத்தாள் வைத்து மூடுவோம்;
நீலம் ஒட்டிய இடத்தைத் தேய்ப்போம்.
இங்கேயும் நீலம்தான், டப்பியில், பசையாக.
பூசினோம், இறக்கினோம், சங்கிலியில் தூக்கினோம்.
வெண்கல முகத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கறை.
சுரண்டினேன். திரும்பப் பூசினோம்.
இருட்டுவதற்குள் பதினேழு கடி.

பதினெட்டாவதில்
யாரும் தொடாமல், தன் எடையிலேயே வழுக்கி,
பெட்டி போய் உட்கார்ந்தது.
இடுக்கிலிருந்த காற்று மட்டும் புஸ்ஸென்றது.
யாட்செக் தன் மொழியில் ஏதோ சொன்னான்;
கெட்ட வார்த்தை என்று நினைக்கிறேன்.

தாளைத் திருத்தியாக வேண்டும் என்றார் பிக்கர்ஸ்கில்.
இந்தக் காலத்துப் பரிசோதகருக்கு
எவனோ ஒருவனின் அரம் போதாது.
தேதி எழுதினேன். புது அளவு எழுதினேன்.
'திருத்தியவர்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பிறகு என் பெயரையே எழுதினேன்,
கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொள்வதுபோல்.

இன்னும் ஐந்து பெட்டி இருக்கிறது.
கொதிகலனுக்குப் பணமில்லை.
திங்கள் காலை ஒரு கடைவாய்ப்பல்;
நகக்கண்ணில் நீலம் போகவில்லை,
எந்த நீலம் என்று தெரியவில்லை.