அரை நொடி முன்னால்

அவர்களுக்குக் கேபிள், எங்களுக்கு டிஷ்.
அதனால் எல்லாமே
அந்தப் பக்கம் அரை நொடி முன்னால் நடக்கிறது.

ஸ்ரீராம்புரத்தில்
ஒரே கூடத்தை ஹாலோ பிளாக் வைத்து
இரண்டாக்கிய வீடு எங்களுடையது.
ஃபேன் கொக்கி அவர்கள் பங்கு.
ஜன்னல் எங்கள் பங்கு, அதிலும் ஒரு கதவுதான்.
சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை.
யார் செலவில் பூசுவது என்பது
பதினோரு வருடமாய் மேயோ ஹாலில் ஓடும்
வழக்கின் மூன்றாவது பாரா.
அண்ணன் என்ற சொல் எங்கள் வீட்டில் இல்லை.
‘அந்தப் பக்கம்’ என்றுதான் பேர்.

பொங்கலோ, சுதந்திர தினமோ,
சேனலுக்கு வேறு எதுவும் அகப்படாத ஞாயிறோ
அந்தப் படத்தைப் போட்டுவிடுவார்கள்.

கதை என்று பெரிதாய் ஒன்றுமில்லை.
ரயில்வே குமாஸ்தா ஒருவருக்கு ஏழு பிள்ளைகள்.
எல்லோரையும் நிற்கவைத்து
ஒரே ஒரு போட்டோ எடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.
ஒவ்வொரு முறையும் ஆள் குறைகிறது.
ஒருவனுக்கு அம்மை, ஒருவன் பட்டாளத்தில்,
மூத்தவள் சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.
போட்டோக்காரர்தான் பாவம்,
கறுப்புத் துணிக்குள் தலைவிட்டபடியே கிழவராகிறார்.

லாஜிக் பார்த்தால் ஓட்டை.
மூன்று அறை வீட்டில் ஒன்பது பேர்,
ஒருவர்கூட டேப் வைத்து அளப்பதில்லை.
யாரும் வக்கீலிடம் போவதில்லை.

‘எஷ்டு சல நோட்தீரா?’ என்பான் மகன்,
மொபைலிலிருந்து தலை தூக்காமல்.
ஆனால் மூத்தவள் கைக்குழந்தையோடு
கேட் வரைக்கும் வந்து
உள்ளே வராமல் நிற்கும்போது
அவன் கட்டைவிரல் நின்றுபோகும்.
நான் பார்க்காததுபோல் பருப்பில் கல் பொறுக்குவேன்.

முனிரத்தினம், என் வீட்டுக்காரர்,
பீன்யாவில் லேத் ஓட்டுகிறவர்,
அந்த இடம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
அதற்குள் சுவருக்கு அப்பால்
ஒருவர் மூக்கை உறிஞ்சியாகிவிட்டது.

சிரிப்பும் அப்படியேதான்.
கடைக்குட்டி டவுசரை முன்பின்னாய் மாட்டிவரும் இடத்தில்
அமுதவல்லி அக்காவின் சிரிப்பு முதலில் வரும்,
டப்பாவோடு சில்லறை கொட்டினாற்போல.
பிறகுதான் எங்கள் திரையில் டவுசரே தெரியும்.

போன ஞாயிறு
மூத்தவள் கேட்டுக்கு வந்துவிட்டாள்.
அப்பா நாற்காலியிலிருந்து எழுகிறார்.
வாய் திறக்கவில்லை இன்னும்.
எங்கள் திரை நீலமாகிவிட்டது.
‘உங்கள் கணக்கில் பணம் இல்லை. ரீசார்ஜ் செய்யவும்.’

‘நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்’ என்றேன்.
கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன்.
அவர் ரிமோட்டைத் தொடையில் தட்டினார்.
பையன் போனில் பணம் கட்டப் பார்த்தான்,
சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அப்போது சுவர்
மெல்லப் பேச ஆரம்பித்தது.
பட்டனிலிருந்து விரலை எடுக்காமல்
யாரோ அமுக்குகிறார்கள்:
பன்னிரண்டு, இருபது, முப்பத்தைந்து.
பூசாத கற்களின் வழியே
போட்டோக்காரர் எங்கள் கூடத்துக்குள் வந்துவிட்டார்.
‘இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க.
இடம் இருக்கு.’

திரை தேவைப்படவில்லை.
யார் எங்கே நிற்பார்கள் என்று தெரியாதா?
மூத்தவள் இடது ஓரம்,
பட்டாளத்தான் அவளுக்குப் பின்னால்,
குழந்தை பெரியவர் மடியில், ஒரு காலில் மட்டும் செருப்பு.
கண்ணாடி இன்னும் அவர் கையிலேயே இருந்தது.
மகன் மொபைலைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

பல்பு வெடிக்கும் சத்தம்.
அப்புறம் விளம்பரம்.
துணி சோப்பு, தேங்காய் எண்ணெய்,
ஏதோ ஒரு சிமெண்ட்.
அதற்கும் அவர்கள் சத்தத்தைக் குறைக்கவில்லை.
நாங்களும் எழுந்திருக்கவில்லை.