ஓம் இல்லாத பாஷை

அம்பகாமத்துக் காட்டில்
ஒரு மீற்றர் அகலத்தில் எனக்கொரு ஓடை.
சிவப்புத் தடிக்கு அந்தப்பக்கம் இன்னும் ஒருவரும் போகவில்லை.
வோக்கியில் ‘ஓம்’ சொல்லக் கூடாது, அது இங்கே சட்டம்.
ஓம் இருமல் மாதிரியும் கேட்கும்,
பாலை மரத்தில் காற்று மாதிரியும் கேட்கும்.
“நிண்டிட்டியோ?” என்றால் “நிண்டிட்டன்.”
“விலத்தினியோ?” என்றால் “விலத்தினன்.”
கேட்ட வினையைத் திருப்பிக் கொடுத்தால்தான்
அடுத்த அடி.

இதைக் கேட்டுக் கைதட்டிச் சிரித்தவள்
எங்கள் வேலையைச் சரிபார்க்க ஆறு கிழமைக்கு வந்த
அயர்லாந்துக்காரி.
பெயர் நூலா.
முதல் நாள் யாரோ அவளைக் கூப்பிட
நிரோஜினி தூக்கிய காலை வைக்கவில்லை.
தைக்கிற நூல் அல்ல, இங்கே நூல்.

பத்து மணித் தேத்தண்ணிக்கு
தகரக் கொட்டிலில் ஹெல்மெற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:
அவள் வீட்டுப் பாஷையில்
ஓம் என்றொரு சொல்லே இல்லையாம்.
இல்லை என்பதும் இல்லையாம்.
“அப்ப கலியாண எழுத்தில என்ன சொல்லுறது?”
சாந்தரூபிக்கு அதுதான் கவலை.
கேட்டதைத்தான். கட்டுவியோ, கட்டுவன்.
மாட்டன் என்றால் அதையும் வாய் திறந்துதான்.
தலையாட்டித் தப்பேலாது.

சீனி இருக்கோ, உன்ரை பாஷையில் சொல்லு என்றோம்.
இருக்கு என்பதற்கு அவள் சொன்னது:
“தா.”
சாந்தரூபி போத்தலை நீட்டிவிட்டாள்.

நான் எத்தனை ஓம் சொல்லியிருப்பேன்.
முள்ளுக்கம்பிக்குள் வரிசையில் நின்று
விளங்காத மொழியில் கேட்டதற்கெல்லாம் ஓம்.
ஆள் பெயர் பிழையாக வாசித்தபோதும் ஓம்.
வினை சொல்லு என்று கேட்டிருந்தால்
அந்த வரிசை இன்னும் அங்கேதான் நிற்கும்.

“கண்டியோ எண்டு கேட்டால்?”
கேட்டது நான்தான்.
கண்டிருந்தால், “ஹொனிக்.”
காணாவிட்டால்,
அவள் பிஸ்கற்றை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:
“நீ அக்கா.”

கொட்டிலே சிரித்தது.
திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.
நீ அக்கா. நீ அக்கா.
கண்டதில்லை என்று அர்த்தம், வேறொன்றுமில்லை.

வட்டுவாகலில்,
பாலத்துக்கு இந்தப்பக்கம்,
தண்ணி பார்க்கப் போன பிரதாபனுக்கு
நான்தான் அக்கா.
கடைசியாகக் கண்டனீங்களோ என்று
வருசாவருசம் ஒரு படிவம் வரும்.
இரண்டு பெட்டி.
ஓமில் கீறிவிட்டு வருவேன்.
கண்டதுதானே,
முதுகை.
நீலச் சேட்டு, ஒரு பக்கம் கிழிஞ்சது.
அதை எழுத அந்தப் பெட்டியில் இடமில்லை.

ஆறிப்போன மிச்சத்தை ஊற்றிவிட்டு
கண்ணாடியை இறக்கி
என் ஓடைக்குத் திரும்பினேன்.

பதினொன்றரை இருக்கும்.
புல்லை வெட்டக் கை வைத்த இடத்தில்
புல்லில்லாத ஒரு நேர்கோடு.
வோக்கி கேட்டது:
“நூலா?”
பின்னால் அவள் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது.
நாக்கு நுனிவரை வந்த ஓமை விழுங்கினேன்.
“நூல்.”
“நிண்டிட்டியோ?”
வியர்வை கண்ணாடிக்கு உட்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.
“நிண்டிட்டன்.”