ஒட்டுத்தோல்

போட்டிக்கு இருபது நாள்.
ஜிம்முக்குப் பின்னால்
மோட்டர்சைக்கிள் சீற்றில் இருத்தி
கஜிபன் ஏற்றினான்,
இரண்டு புஜத்திலும் எண்ணெய்.
எழும்பியது. கைதட்டலும் கிடைத்தது.
பிறகு கல்லானது. சிவந்தது.
ஒருநாள் சேட்டில் ஒழுகியது.

"முழுக்க எடுக்கேலாது தம்பி,
சதையோட சதையாப் போயிட்டுது"
என்றார் டொக்டர் ஷிப்னா.
மூன்று தரம் வெட்டினார்.
பள்ளங்களில் என் தொடைத்தோலைச் சீவி ஒட்டினார்.

வெயில் காணாத தோல்
இப்போது உப்புவெளியில் பஸ்ஸுக்கு நிற்கிறது,
வெளிறி, கொஞ்சம் கூச்சத்தோடு.

கோட்டை வாசலில் குந்தியிருக்கிறேன்.
வேர்வை உப்புக்கு ஒரு மான் வந்து
மணிக்கட்டிலிருந்து நக்கிக்கொண்டே மேலேறுகிறது.
ஒட்டின இடம் வேர்ப்பதில்லை.
தையல் விளிம்பில் நின்றது.
மணந்தது.

மற்றக் கையை நீட்டினேன்.
அதிலும்
அவ்வளவுதான் ஏறியது.