கரையில் போட்ட புள்ளிகள்

தடைக்காலம் தொடங்கிய அன்று
படகிலிருந்து கழற்றிய ஜிபிஎஸ் பெட்டியை
என் பழைய துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார் கிளாட்வின்.
முதலாளி வீட்டில் எலி,
அறுபத்தொரு நாள் இங்கே இருக்கட்டும் என்றார்.
பெட்டியைச் சொன்னார்.
அவரும்தான் இருந்தார்.

எந்தப் பார் எத்தனை பாகத்தில் கிடக்கிறதென்று
உறக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ஆள்
சீனி டப்பா எங்கே என்று மூன்று தரம் கேட்டார்.
பத்தாவது எழுதி முடித்த டென்சியாவிடம்
ஒன்பதாவது எப்படிப் போகுது என்றார்.
அவள் போனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
ரிஜோ இன்னொரு போனில்
யாரையோ சுட்டுக்கொண்டே இருந்தான்.

மே மாதம். தங்கச்சிமடத்தில் காற்று நின்ற ஒரு மதியம்
கரண்டும் போச்சு, டவரும் போச்சு.
ரிஜோதான் பைக் பேட்டரியில் வயரைக் கொடுத்து
பெட்டியை உசுப்பினான்.
மஞ்சளாய்க் கரை. வெள்ளையாய்க் கடல். நடுவே ஒரு கோடு.
"இதத் தாண்டினாத்தான் பிடிக்கிறானுகளா?"
அவர் பட்டனை அழுத்தி அழுத்தி
கோடு மறையும்வரை திரையை மேற்கே நகர்த்தினார்.

கடல் முழுக்க அம்மைத் தழும்பாய்ப் புள்ளிகள்.
மடி கிழிந்த இடம். இறால் வாரிய இடம்.
ஜூலிபல் என்று ஒன்று.
ஜூலியன் பல்லு போன இடம்டா, வின்ச் கம்பி அடிச்சு.
பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.
பெயரில்லாமல் எண் மட்டும் போட்ட ஒரு புள்ளியைக் கேட்டபோது
பெட்டி சூடாயிருச்சு, அணை என்றார்.

மறுநாள் டென்சியா சொன்னாள்:
"கரையில உங்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லையேப்பா."
குத்திச் சொன்னாளா,
பார்த்ததைச் சொன்னாளா, எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் நாலு பேரும் கிளம்பினோம்.
பேட்டரி ரிஜோவின் பள்ளிக்கூடப் பையில்,
பெட்டி அவர் கையில், வயர் இரண்டுக்கும் நடுவில்.
ரோட்டை அகலப்படுத்த அளக்கிறார்கள் என்று
அன்றைக்கே ஊரில் புரளி.
ரிஜோ நாய் கடித்த இடத்தில் நின்று அழுத்தினான்.
டென்சியா பஸ் ஸ்டாப்பில்.
பரீட்சை அன்னைக்கு ரெண்டு பஸ் நிக்காமப் போச்சு,
இங்க நின்னுதான் அழுதேன்.
"எப்ப?"
"நீங்க கடல்ல இருந்தீங்க."
அப்புறம் எந்தப் புள்ளிக்கும் அவர் எப்ப என்று கேட்கவில்லை.

நான் வடக்குக் கரைக்குக் கூட்டிப்போனேன்.
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
உடைந்த சிமெண்டுக் குழாய்.
படகு பிந்துகிற நாளில் நான் ஏறி நிற்பது அதில்தான்.
அவர் குழாயைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.
பெட்டி கொஞ்ச நேரம் சாட்டிலைட் தேடியது.
பெயர் கேட்டது. ஆறெழுத்துக்கு மேல் வாங்காதாம்.
"ஆறுது" என்று போடச் சொன்னேன்.
சோறு ஆறுது வாங்க, அதில் நடு வார்த்தை.
டென்சியா இங்கிலீஷில் எண்ணிப் பார்த்தாள்,
சரியாக ஆறு.

ஜூன் பதினாலு ராத்திரி டோக்கன் வாங்கிக்கொண்டு போனார்.
துண்டோடு பெட்டியும் போனது.
டென்சியா மறுபடி போனுக்குள்,
ஆனால் கதவு கொஞ்சம் திறந்து.

திருக்கை குத்தி அவர் ஒரு தங்கல் போகாதபோது
பாக்கியம் படகை எடுத்துப்போனார்.
திரும்பி வந்து இறங்குதளத்தில் எல்லார் முன்னாலும்
கேட்டாராம்:
"ஏப்பா, கரையேறி எங்க மடி போட்ட நீ?
நாய்க்கடின்னு ஒரு பாரு, ஆறுதுன்னு ஒரு பாரு?"
"பக்கத்துல போயிறாத," என்றாராம் இவர்,
"மடி மாட்டிக்கிரும்."

இதை எனக்குச் சொன்னது பாக்கியத்தின் சம்சாரம்.
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
வலது கையில் கட்டு, இடது கையில் ஸ்பூன்.
அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியிருந்தேன்,
ஊதி ஊதித் தின்றார்.