முகர்தல்

திங்கட்கிழமைகளில் என் மூக்குக்குத்தான் சம்பளம்.
கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் மேசை.
வருகிறவர்களின் பாட்டிலைத் திறந்து
முகர்ந்து பார்த்து உள்ளே விட வேண்டும்.
எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்,
யாரும் சொல்வதில்லை.
மூடியைத் திருகும்போதே
சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்,
நான்தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி.

நீச்சத்தண்ணி, மோர், சீரகம் போட்டுக் காய்ச்சியது,
ஒருமுறை கைக்குழந்தைக்கு ஓமத்தண்ணீர்.
பதினோரு மாதத்தில் இரண்டே தடவை
அந்த நெடி.
இரண்டு பேருமே கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள்,
யாராவது கேட்கட்டும் என்றே
தூக்கி வந்ததைப் போல.

சேடப்பட்டிப் பக்கமிருந்து விருமாயி வருவார்.
ஒரே மனு:
ஊர் விலக்கில் பஸ் நிற்க வேண்டும்.
உசிலம்பட்டி காலேஜுக்குப் போகிற ஏழு பிள்ளைகள்
மூன்று கிலோமீட்டர் நடக்கிறார்கள் என்று
யாரோ முத்துமுத்தாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
"பணிவுடன்" மூன்று இடத்தில்.
மனு கொடுக்க வருகிற விருமாயியும்
அதே மூன்று கிலோமீட்டர் நடந்துதான் பஸ் ஏறுவார்.
அது மனுவில் இல்லை.

ஆறாம் மாதம் பதில் வந்தது.
"வாசி தாயி" என்று நீட்டினார்.

மேற்படி இடத்தில் கள ஆய்வு செய்ததில்
பயணிகள் எவரும் ஏறி இறங்கவில்லை எனத்
தெரிய வருவதால்
நிறுத்தம் அவசியமில்லை என்ற விவரம்
தங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது.

"என்ன போட்டிருக்கு?"
"நிக்காதாம்."
"அதுதான் தெரியுமே. ஏனாம்?"
"யாரும் ஏறலையாம்."

விருமாயி சிரித்த சிரிப்பில்
வரிசையே திரும்பிப் பார்த்தது.
நானும் சிரித்தேன்,
தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில்.

எனக்கும் ஒரு மனு உண்டு.
வாடிப்பட்டிக்கு மாறுதல்.
பிள்ளை அங்கே நாத்தனார் வீட்டில் வளர்கிறது,
என்னை அத்தை என்கிறது.
உரிய வழியில் கொடுத்திருக்கிறேன்.
நான் காவல் நிற்கிற இந்த வாசல்
எனக்கு உரிய வழி இல்லை.
எஸ்.ஐ. "பார்ப்போம்மா" என்றார்.
இன்ஸ்பெக்டர் "ஆகட்டும்" என்றார்.
அதற்கும் மேலே, "போயிட்டு வாங்க."
போனேன். வந்தேன். போனேன்.
இல்லை என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

பங்குனியில் ஒரு திங்கள்,
விருமாயி கையில் புது மனு.
"கேக்க ஒண்ணுமில்ல தாயி. பஸ் நிக்குது."
"ஆர்டர் வந்துருச்சா?"
"என்னத்த ஆர்டரு! புது டிரைவரு, மேலூர்க்காரப் பையன்.
பிள்ளைக கையக் காட்டுச்சுக,
நிப்பாட்டிட்டான். அம்புட்டுத்தான்.
கலெக்டரு அவனுக்கு
ஒரு நல்ல வார்த்தை சொல்லணும்."

பிரித்தேன்.
தடம் எண், வண்டி எண்,
தினமும் காலை ஏழு நாற்பது,
டிரைவர் பெயர் சத்தியசீலன்,
எல்லாம் அதே முத்துமுத்தான கையெழுத்தில்.
ஒரு பையனுக்கு மெமோ கொடுக்க
இதைவிடச் சுத்தமான சாட்சியம்
எந்த டெப்போவுக்கும் கிடைக்காது.

காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனேன்.
"என்ன தாயி, பேப்பரையுமா?"
"இதை உள்ளே விட முடியாதும்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது,
இந்த வாசலில் நான் மறுத்த முதல் மனு.

விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டார்.
பையை அக்குளில் இடுக்கியபடி
"அப்ப நல்லதை யாருகிட்டத்தான் கொடுக்குறது?" என்றார்.
ஆறாம் நம்பர் கவுண்டர், எட்டாம் நம்பர் கவுண்டர்
எல்லாவற்றையும் மனதில் ஒருமுறை சுற்றி வந்தேன்.

"சரி, போயிட்டு வாரேன்."
"வராதீங்க" என்றேன்.

அப்படி யாரும் யாரிடமும் சொல்வதில்லை.
அவர் திரும்பிப் பார்த்தாரா, தெரியாது.
அதற்குள் அடுத்தவர் பாட்டிலை நீட்டிவிட்டார்.
எலுமிச்சை, உப்புக் கொஞ்சம் கூட.