மூன்றாவது பூட்டு

அக்டோபர் காற்று வந்துவிட்டால்
புன்டா அரினாசில் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கலாம்.
பெண்களின் இல்லம் இருக்கும் தெருவில் கயிறு இல்லை.
பெயர்ப்பலகையும் இல்லை.
மஞ்சள் தகரக் கூரை, பக்கத்தில் டயர் கடை.
இதற்குமேல் சொல்லமாட்டேன்.

நான் நெவென்கா. சாவி வெட்டுகிறவள்.
ஐந்து வருடத்துக்கு முன்
டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வந்தாள் எதெல்வினா,
இல்லத்தின் பொருளாளர்.
அன்று என் கல்லாவில் இருந்தது
ரொட்டிக்கும் எரிவாயுவுக்கும் சரியாய்ப் போகும்.
"பணமில்லை, பூட்டு இருக்கிறது" என்றேன்.
சொன்ன பிறகு வெட்கமாகிவிட்டது.
அவள் சிரிக்காமல் நோட்டைத் திறந்து எழுதினாள்:
மாதம் இரண்டு பூட்டு, பொருத்தும் கூலி உட்பட.

பிங்கோ நடத்தியவர்கள், கேக் விற்றவர்கள்,
மீன் ஆலைக் கணக்கர், மூன்று கன்னிகாஸ்திரீகள்,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு படகுக்காரர்
எல்லோரும் அந்த நோட்டில் இருக்கிறோம்.
அந்தக் காசில்தான்
மாடியில் பெண்பிள்ளைகள் வெல்டிங் பரீட்சைக்குப் படிக்கிறார்கள்.
காலணி கழற்றாமல் ஏறி இறங்குவார்கள்,
கீழே தூங்கும் குழந்தைகள் எழுந்துவிடும்.

என் வேலை சின்னது.
ஒரு திருகு, ஒரு பித்தளை உருளை, பன்னிரண்டு நிமிடம்.
ஆனால் நாற்பது நிமிடம் ஒதுக்கிக்கொண்டு போவேன்.
புதுச் சாவியை அவளே போட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டுமே.
சிலர் ஏழு முறை, எட்டு முறை.
ஒருத்தி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு
என்னை வெளியே நிறுத்தித் தட்டச் சொன்னாள்.
தட்டினேன்.
திறக்கவில்லை.
பலமாகத் தட்டினேன்.
உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது,
இருமல் மாதிரி ஆரம்பித்த சிரிப்பு.

நவம்பரில் இரண்டு பூட்டும் முடிந்திருந்தன.
எதெல்வினா முகவரிச் சீட்டை
மேசையில் கவிழ்த்து வைத்தாள்.
எப்போதும் அப்படி வைக்கமாட்டாள்.

என் தம்பி ரதோமிரின் வீடு.

அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டவள் நான்தான்,
கல்யாணப் பரிசு.
ஞாயிறுதோறும் அங்கே ஆட்டுக்கறி தின்றிருக்கிறேன்.
எர்சிலியா முழுக்கைச் சட்டையில்தான் பரிமாறுவாள்.
இந்த ஊரில் யார் முழுக்கை போடவில்லை?
குளிர் என்று நினைத்தேன்.
இல்லை,
குளிர் என்று நினைக்க முடிவு செய்தேன்.

"வேறு ஆளைக் கூப்பிடட்டுமா?"
வேறு ஆள் நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறார்.
அன்று காற்றில் படகு ஓடவில்லை.
படகு ஓடியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று
இன்னும் எனக்குத் தெரியாது.

கதவைத் திறந்தவள்
என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள்.
அவனுக்காகப் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.
பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்தேன்.
"உள்ளே வரலாமா?" என்று கேட்டேன்.
அந்த வீட்டில் அதுவரை நான் கேட்டதேயில்லை.
நீதிபதியின் தாள் குளிர்பெட்டிமேல்
மீன் வடிவக் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
அவள் ஒரு முறைதான் சாவியைத் திருப்பினாள்.
பழைய உருளையைக் கேட்டு வாங்கிக்
குப்பையில் போடாமல், ஜன்னலோரம் வைத்தாள்.

இரவில் தொலைபேசி.
"யார் மாற்றியது?"
"நான்."
அப்புறம் அவன் பக்கமிருந்து காற்று மட்டும்.
அம்மாவின் அடக்கத்தன்றும் அவன் இப்படித்தான் நின்றான்,
நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.
இப்போது போனை வைத்துவிட்டேன்.

மாதக் கடைசியில் எதெல்வினா நோட்டை விரித்தாள்.
"மூன்று பூட்டு. ஒன்று அதிகமாய்க் கொடுத்திருக்கிறாய்."
மூன்றாவதை நன்கொடை என்று எழுதாதே என்றேன்.
அந்த நோட்டில் வேறு பத்தி இல்லை.
பேனாவைத் திறந்தபடியே
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.
மாடியில் யாரோ
காலணியோடு ஓடினார்கள்.