தக்காளி முந்நூற்று அறுபது

ஆரணியின் போன வருட விஞ்ஞானக் கொப்பி.
முன்பக்கத்தில் பச்சையம், வேர், தண்டு.
திருப்பிப் பிடித்தால் எங்கள் வரவு செலவு.
இடப்பக்கம் அவருடைய சாய்ந்த எழுத்து,
வலப்பக்கம் நான்.
ஐந்தாம் திகதி சம்பளம்.
பத்துக்குள் கரண்ட், ரியூசன், சீட்டு.
காஸ் முடிகிற மாதம் மீன் இல்லை,
அதை யாரும் எழுதுவதில்லை.

நான் எழுதினேன்: தக்காளி ஒரு கிலோ, முந்நூற்று அறுபது.
திருநெல்வேலிச் சந்தையில் அன்றைக்கு முந்நூறு.
வெய்யில் ஏறினபிறகு போனால்
இருநூற்று எண்பதுக்கும் தருவாள் நீர்வேலிக்காரி.
மிச்சம் எண்பது
மல்லித்தூள் போத்தலுக்குப் பின்னால்,
மடித்த சொப்பிங் பையில்.
தெரிந்த காசு எங்கள் வீட்டில் நிற்காது.

சங்கக் கந்தோரில் நாள் முழுக்க
ஊரார் கணக்கைச் சதம் பிசகாமல் கூட்டுகிறவள்
வீட்டுக்கு வந்து பொய் எழுதினேன்.
கை நடுங்கவில்லை.
ஒரு கிழமை முருங்கைக்காய்
கொழும்பு விலைக்குப் போனது.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.
அப்போதே யோசித்திருக்கவேணும்.

ஆனியில் கிணறு கீழே போனது.
மோட்டர் இரண்டு தரம் உறுமி
கருகின மணத்தோடு நின்றது.
"கொயில் சுத்தப் பன்னிரண்டாயிரம் அக்கா,
புதுசெண்டா நாப்பதுக்கு மேலை"
என்றான் கொக்குவில் சந்திப் பெடியன்,
கையைத் துணியில் துடைத்தபடி.

இரவு மேசையில் கொப்பி.
கூட்டினோம்.
கழிக்க ஒன்றும் இருக்கவில்லை.
நான் எழும்பிப்போய் மல்லித்தூள் போத்தலை நகர்த்தினேன்.
அவர் வெளியே போய்
மோட்டச்சைக்கிள் சீற்றைக் கழற்றினார்.

என்னிடம் நாலாயிரத்து முந்நூறு, மல்லி மணத்தோடு.
அவரிடம் ஐயாயிரத்து நூறு, பெற்றோல் மணத்தோடு.

"லீற்றருக்கு எவ்வளவு கூட்டி வைச்சனீங்கள்?"
"விலையிலை கை வைக்கேல்லை.
அடிக்காத லீற்றரை எழுதினனான்.
நீர்தான் தக்காளியிலை எண்பது.
சந்தைக்குள்ளாலைதானே நானும் வாறனான்."

சந்தைக்குள்ளால். நடந்து.
அதுதான் அந்தச் செருப்பு
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது.
வண்டி கராச்சில் என்று
அவர் சொன்ன நாட்களை எண்ணத் தொடங்கி
பாதியில் விட்டேன்.

"இன்னும் இரண்டாயிரத்து அறுநூறு வேணும்"
என்றாள் ஆரணி, அறைக்குள்ளிருந்து,
புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.
நாங்கள் தொகையைச் சத்தமாகச் சொல்லவேயில்லை.
ரியூசன் காசு உண்மையில் எவ்வளவு என்று
அன்றிரவு நான் அவளைக் கேட்கவில்லை.

மூன்று நாள் வாளியால் அள்ளினோம்.
மிச்சக் காசைப் பெடியனுக்குத் தவணை சொன்னோம்.
நாலாம் நாள் தண்ணி
முதலில் துருவாய், பிறகு தண்ணியாய் வந்தது.

அடுத்த மாதம் சந்தையில் தக்காளி முந்நூற்றுப் பத்து.
முந்நூற்றுத் தொண்ணூறு என்று எழுதினேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
பேனையை வாங்கி
தன் பக்கத்தில் எழுதினார்:
பெற்றோல், மூன்று லீற்றர்.

வண்டி அன்றைக்கு முழுக்க
முற்றத்திலேயே நின்றது.